வரிசையின் கடைசியில் நிற்பவருக்கும்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு சகோதரி கேட்டார்: “ஐயா, அறுப்பின் பண்டிகை விருந்துக்கு எங்க வீட்டிலிருந்து ஒரு சாலட் கொண்டுவரலாம்னு இருக்கோம். எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி என்ன செய்யலாம்?” நான் சிரித்துக்கொண்டே, “ஆயரம்மாவைக் கேளுங்கள்” என்று அனுப்பிவிட்டேன். வீடு திரும்பிய பின்புதான், அது நானே பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி என்று உணர்ந்தேன்.

ஏனெனில், சென்ற ஆண்டின் விருந்து நினைவுக்கு வந்தது. அன்று மேசைகளில் பிரியாணி, வறுத்த கோழி, கேக் என்று பாத்திரங்கள் நிறைந்திருந்தன. கொண்டுவந்த குடும்பங்களின் பெயர்களை நான் ஒலிபெருக்கியில் வாசித்தேன், சபையார் கைதட்டினார்கள். அதே வேளையில் நம் மூத்த தாயார் ஒருவர், தாம் வேகவைத்துத் தாளித்துக் கொண்டுவந்த குச்சிக்கிழங்கைத் தூக்குப்போசியோடு பெஞ்சுக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு, மூடியைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனார். சில நாள் கழித்து அவர் இல்லத்துக்கு ஜெபிக்கச் சென்றபோதுதான் அறிந்தேன். “அத்தனை பெரிய சாப்பாட்டுக்கு நடுவுல இதை எங்க வைக்கிறதுங்க ஐயா” என்றார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அந்த மூடி திறக்கப்படாததற்கு, பெயர்களை வாசித்த என் நாவும் ஒரு காரணம்.

இது புதிய வியாதியன்று. சுமார் கி.பி. 55-இல் அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். ஒரே ஆண்டவருடைய பந்திக்குக் கூடிவந்தவர்களில் ஒருவன் பசியாயிருக்க, மற்றொருவன் மிதமிஞ்சி உண்டு குடித்திருந்தான். இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்டார்கள் என்பதே பவுலின் துக்கம். சமையலில் குறை இருந்ததாக அவர் எழுதவில்லை. உண்டவர்கள் ஒருவரையொருவர் பாராமற்போனதையே கண்டிக்கிறார். ஏறக்குறைய கி.பி. 112-இல், பித்தினியாவின் ரோம ஆளுநராயிருந்த பிளினி, கிறிஸ்தவர்களை விசாரித்துப் பேரரசன் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினான். அவர்கள் கூடி உண்பது சாதாரணமான, தீங்கற்ற உணவே என்று அதில் குறிப்பிடுகிறான். புறஜாதியானாகிய ஓர் அதிகாரியின் ஏட்டில் நம் முன்னோரின் விருந்து இப்படிப் பதிவானது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஆகவே சகோதரியின் கேள்விக்கு என் பதில் இது. எல்லாருக்கும் பிடித்தது எது என்பதை, முதலாவது வந்து பாராட்டுகிறவரை வைத்து அளக்காதீர்கள்; வரிசையின் கடைசியில் நிற்பவரை வைத்து அளவுங்கள். அவருக்கும் ஒரு கரண்டி மிஞ்சுமா? சர்க்கரை நோயுள்ள பெரியவரும், காரம் தாங்காத பிள்ளையும், மாமிசம் உண்ணாத நம் விருந்தினரும் அதை உண்ணக் கூடுமா? அடுத்த ஆண்டு நம்மில் மிக எளியவரும் அதையே வெட்கமின்றிக் கொண்டுவரக் கூடுமா?

இம்மூன்றுக்கும் பொருந்தக்கூடியது பாசிப்பருப்புக் கோசம்பரி. ஒரு கிலோ பருப்பைக் கழுவி, காய்ச்சி ஆறிய நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்தால் ஏறத்தாழ இரு மடங்காகும். அதனுடன் இரண்டு கிலோ வெள்ளரிக்காய், அரைக் கிலோ கேரட், இரண்டு தேங்காய்த் துருவல், கொத்தமல்லி, கடுகு கறிவேப்பிலைத் தாளிப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் நூறு பேருக்கு ஆளுக்கொரு கரண்டி வரும். பச்சை மிளகாயைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் பந்திக்கு முன்பு மட்டும் கலவுங்கள். முன்னதாகவே உப்பிட்டால் வெள்ளரி நீர்விட்டுத் தளர்ந்துவிடும்.

“நம் ஜனங்கள் பச்சைக் காய்கறி உண்பார்களா?” என்று ஐயப்படுகிறவர்கள் மாலையில் சேலத்துத் தெருக்களைப் பார்க்கட்டும். தட்டுவடை செட்டின் நடுவில் இருப்பது துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் அல்லவா? மயோனைஸ் கலந்த சாலட்டை எண்ணியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாமக்கல் முட்டைக்குப் பேர்பெற்ற ஊர்தான். ஆயினும் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததை நினைவில் கொள்ளுங்கள். ஆராதனை முடியும்வரை வெயிலில் காத்திருக்கும் பாத்திரத்துக்கு அது ஏற்றதன்று.

சிலர் கேட்கக்கூடும்: “பெத்தானியாவில் ஒரு ஸ்திரீ விலையேறப்பெற்ற தைலத்தை ஊற்றவில்லையா? சிறந்ததைக் கொடுப்பது தவறா?” தவறன்று. பிரியாணி கொண்டுவரும் அன்பை நான் குறைகூறவில்லை. ஆனால் அவள் ஊற்றிய தைலம் இல்லாதவர் ஒருவரையும் தன் பாத்திரத்தை மறைத்துவைக்கச் செய்யவில்லை. நம்முடைய சிறந்தது அவ்விதம் செய்யுமானால், அதைச் சிறந்தது என்று அழைக்க எனக்குத் துணிவில்லை.

இவ்வாண்டு நான் பெயர்களை வாசிக்கப்போவதில்லை. எல்லாப் பாத்திரங்களும் ஒரே மேசையில், யாருடையது என்ற அடையாளமின்றி இருக்கும். மூப்பர்களும் நானும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்போம். குச்சிக்கிழங்கை மறுபடியும் கொண்டுவரும்படி அந்தத் தாயாரிடம் கேட்டிருக்கிறேன். “பார்க்கலாங்க ஐயா” என்று மட்டும் சொன்னார். அவர் மூடியைத் திறப்பாரா என்பது நம் கையில் இருக்கிறது.

கர்த்தர் உங்கள் அடுப்பங்கரைகளையும் உங்கள் பந்தியையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.