முழங்காலுக்கு மருந்து தொடையில்

யாழ்ப்பாணத்தில் அறுபது தாண்டிய ஓர் அம்மாவிடம் சுகம் விசாரித்தால், பதில் பெரும்பாலும் முழங்காலில்தான் தொடங்கும். "இருந்தா எழும்பேலாது, எழும்பினா நடக்கேலாது." அடுத்து வைத்தியப் பட்டியல் வரும். துண்டு இல்லாமல் பார்மசியில் வாங்கிய நோக்குளிசை, பரியாரியார் தந்த எண்ணெய், கனடாவிலிருந்து மகன் அனுப்பிய முழங்கால் பட்டி, மூட்டுக்குள் போட்ட ஊசி. எல்லாமே அவருக்கு மற்றவர்கள் கொடுத்தவை, செய்தவை. அவர் தன் காலால் செய்தது என்று பட்டியலில் ஒன்றும் இராது. நமது மூட்டு நோ வைத்தியத்தின் கோளாறே இதுதான்.

எக்ஸ்ரேயைப் பார்த்து "எலும்பு தேஞ்சு போச்சு" என்று யாரோ சொன்ன நாளோடு பலர் நடையைக் குறைத்துவிடுகிறார்கள். நடந்தால் மிச்சமும் தேய்ந்துவிடும் என்ற பயம். ஆனால் மூட்டுத் தேய்வுக்கும் நோவுக்கும் உள்ள உறவு அவ்வளவு நேரானதல்ல. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டோடு சிலர் நோவில்லாமல் தோட்டம் செய்கிறார்கள். படம் ஓரளவு சரியாக இருந்தும் சிலரால் படியேற முடிவதில்லை. நடமாட்டம் குறைந்தால் முதலில் மெலிவது தொடையின் முன்புறத் தசை. முழங்காலுக்கு வரும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குவது அதுதான். அது மெலிய மூட்டுக்குப் பாரம் கூடும், நோவும் கூடும், நடை இன்னும் குறையும்.

இது உலகம் முழுவதற்கும் உள்ள வருத்தம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் 52 கோடி 80 இலட்சம் பேர் மூட்டுத் தேய்வோடு வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 60 வீதம் பெண்கள். வைத்திய உலகமும் இதில் தன் நம்பிக்கைகளைத் திருத்திக்கொண்டுதான் வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. சிலருக்கு முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவியும் சுரண்டியும் சத்திரசிகிச்சை செய்தார்கள். மற்றவர்களுக்குத் தோலை மட்டும் வெட்டித் தைத்துவிட்டார்கள். இரு பகுதியினரின் நோவும் ஒரே அளவில்தான் இருந்தது. 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு மூட்டுக்குள் போடும் ஸ்டெரொயிட் ஊசியையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டது. ஒரு வருடம் கழித்து நோ அதிகம் குறைந்தும் இயக்கம் அதிகம் கூடியும் இருந்தவர்கள் பிசியோதெரபி பெற்றவர்களே.

பிசியோதெரபி என்றதும் "கரண்ட் பிடிக்கிறது" என்றுதான் இங்கே பலர் நினைக்கிறார்கள். வெப்பமோ மின்தூண்டலோ சற்று நேரம் இதம் தரும், அவ்வளவுதான். உண்மையான வேலைக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை போதும். நிமிர்ந்து இருந்து ஒரு காலை மெதுவாக நீட்ட வேண்டும். இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) முழங்காற் சிரட்டைக்குச் சற்று மேலே, உட்பக்கமாக, இரண்டு விரல்களை வைத்து "இதை இறுக்குங்கோ அம்மா" என்பார். முதல் நாள் அந்த இடம் சும்மா தளர்ந்து கிடக்கும். காலை உயர்த்தத் தெரிந்தவருக்கும் அந்தத் தசையை இறுக்கத் தெரியாது. விரலுக்கடியில் அது திரண்டு எழும்பியதும் ஐந்து எண்ணி, மெல்ல இறக்க வேண்டும். கொஞ்ச நாள் போகக் கணுக்காலில் ஒரு சிறு மணற்பை சேரும். பிறகு கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது, அதன்பின் ஒற்றைப் படி ஏறி இறங்குவது.

செய்யும்போது கொஞ்சம் நோகும். அந்த நோ அடுத்த நாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் பயமில்லை. இறங்காவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும், விட்டுவிடத் தேவையில்லை. இந்த ஒரு விதியைச் சொல்லிக் கொடுக்காததால்தான் பலர் மூன்றாம் நாளே கைவிடுகிறார்கள். மூட்டு சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, காலைநேர மூட்டு விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தாலோ கதை வேறு. அது வைத்தியர் பார்க்க வேண்டிய வருத்தம்.

எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. சூடான எண்ணெய் தேய்த்துவிட்டுப் பயிற்சி செய்தால் கால் இலகுவாக மடங்கும். பயம் நோக்குளிசையில்தான். சீனியும் பிரஷரும் உள்ள ஒருவர் டைக்ளோபெனக்கை மாதக் கணக்கில் தானாகவே விழுங்கினால் வயிறு புண்ணாகலாம், சிறுநீரகம் கெடலாம். முழங்காலைக் காப்பாற்றப் போய் டயலிசிஸ் கட்டிலில் படுப்பது என்ன கணக்கு?

குடாநாட்டின் வாழ்க்கை முறையிலேயே பாதி மருந்து இருந்தது. தொண்ணூறுகளில் எரிபொருள் தடையிருந்தபோது ஊரே சைக்கிளில் ஓடியது. உடற்பாரம் முழுவதையும் முழங்காலில் இறக்காமல் தொடையைப் பலப்படுத்த சைக்கிளை விட மலிவான கருவி இல்லை. இருக்கையை மட்டும், மிதி கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நேராக நீளும் அளவுக்கு, உயர்த்த வேண்டும். இப்போது ஒழுங்கை முகப்புக் கடைக்கும் ஸ்கூட்டி. மறுபக்கம், குந்தியிருந்து வெங்காயம் பிடுங்குவதும் திருவலையில் தேங்காய் துருவுவதும் தேய்ந்த முழங்காலுக்குச் சுமைதான். நம்மவர்கள் விட்டது சைக்கிளை, விடாதது குந்துவதை.

இனிச் சேவைக்கு வருவோம். மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கென டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய ஒரு பயிற்சித் திட்டம் பல நாடுகளுக்குப் பரவியுள்ளது. இரண்டு விளக்க வகுப்பு, ஆறு வாரத்தில் பன்னிரண்டு கூட்டுப் பயிற்சி, அவ்வளவே. இதை யாழ் போதனா வைத்தியசாலையில் மட்டும் வைத்துச் செய்ய முடியாது. நெடுந்தீவில் இருப்பவர் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடித்து, நோகிற காலோடு பன்னிரண்டு தரம் வருவாரா? பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்துறை ஆதார வைத்தியசாலைகளும் எல்லா ஊருக்கும் கிட்ட இல்லை.

ஆனால் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது; மாதர் சங்கமும் முதியோர் சங்கமும் இருக்கின்றன. முதல் நாளும் இடையிடையேயும் இயன்மருத்துவர் வந்து பார்க்க, மற்ற நாட்களில் பயிற்றப்பட்ட ஊர்ப்பெண் ஒருவர் நடத்தலாம். கூட்டமாகச் செய்தால் பக்கத்துவீட்டு அக்கா வந்து கூப்பிடுவா, நாள் தவறாது. சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் சீனியும் பிரஷரும் பார்க்கிறார்கள். அங்கேயே ஒரு கதிரையைப் போட்டு, 30 விநாடியில் எத்தனை தரம் கை ஊன்றாமல் எழும்ப முடிகிறது என்றும் எண்ணலாம். செலவில்லாத பரிசோதனை அது.

மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒரு பிரதேச செயலகப் பிரிவிலாவது இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அம்மாவுக்கு மசாஜ் இயந்திரம் அனுப்ப முன்பு, அந்தக் காசில் ஓர் இயன்மருத்துவரை ஆறு வாரத்துக்கு ஊர் நிலையத்துக்கு வரவழைக்கக் கேட்டுப் பாருங்கள். அம்மாவோடு சேர்ந்து ஊரிலுள்ள மற்ற அம்மாமாரும் எழும்பி நடப்பார்கள்.