தச்சரின் ஆயுதங்கள்

வன்னியில் மரவேலை செய்யும் ஒருவருக்கு உதவுவதென்றால் மின் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுப்பதே சிறந்தது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். இயந்திரத்தைக் கையளிக்கும் காட்சி படத்துக்கும் அழகாக அமையும். அரமும் சாணைக்கல்லும் கையளிக்கப்படும் படத்தை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் முதற்பக்கத்தில் இடமாட்டார். ஆயினும் தொழிலாளியின் அன்றாடச் சோறு அந்த அரத்திலும் சாணைக்கல்லிலுமே பெரிதும் தங்கியுள்ளது.

ஏ-9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே உள்ள கனகராயன்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1997 மே மாதம் தொடங்கிய ஜயசிக்குறு படை நடவடிக்கை இவ்வீதி வழியாகவே வடக்கு நோக்கி நகர்ந்தது. 2008இல் மீண்டும் ஊர் பெயர்ந்தது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது வன்னி மக்கள் வெறுங்கையுடன் செட்டிகுளம் முகாம்களை அடைந்தனர். பிள்ளைகளைச் சுமந்து வந்தவர்கள் உளியையும் சீவுளியையும் எவ்வாறு சுமந்திருக்க முடியும்? தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த ஆயுதங்கள் வழியிலேயே போயின.

மீள்குடியேற்றத்தின் பின் வேலைக்குக் குறைவிருக்கவில்லை. 2012 ஒக்டோபரில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வீட்டுக்கு 5,50,000 ரூபா வழங்கி, உரிமையாளரே கட்டிக்கொள்ளும் முறை தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலையும் கதவும் யன்னலும் வேண்டும். அந்த வேலை உள்ளூர்த் தச்சரிடம் தங்குமா, நகரத்துப் பட்டறைக்குப் போகுமா என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பது கையிலுள்ள ஆயுதமே.

வன்னி மரங்களின் இயல்பையும் நாம் மறக்கலாகாது. முதிரை கடினமானது. பாலையின் வைரம் தண்ணீரில் அமிழ்ந்துவிடும் அளவுக்குக் கனமானது. மென்மையான மரத்துக்கென வார்த்த மலிவான உளி, பாலையில் நாலு அடி வாங்கியதும் முனை மடங்கிவிடும். ஆகவே, மலிவு என்பது விலைச்சீட்டில் உள்ள தொகை அன்று. எத்தனை ஆண்டு உழைக்கும், எத்தனை முறை தீட்டலாம் என்பதே உண்மையான கணக்கு.

வாங்குவோர் எளிதாகச் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. உளியின் முனையோரம் நல்ல அரத்தால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் உருக்கு கடினமானது. இலகுவாகக் கடித்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பல்நுனி கருநீலமாகத் தெரியும் கைவாள்களை அரத்தால் தீட்ட முடியாது. மழுங்கியதும் எறிய வேண்டியதுதான். முக்கோண அரத்தால் தீட்டக்கூடிய பழைய பாணி வாள் ஆயுள்வரை உழைக்கும். உளியின் சரிவு மென்மரத்துக்கு 25 பாகை போதும். பாலை, முதிரைக்கு 30 பாகைக்கு மேல் வேண்டும். சாணைக்கல் இல்லாதவர் கண்ணாடித் துண்டின்மேல் அரத்தாளை ஒட்டியும் தீட்டலாம்.

பாரவூர்திகளின் பழைய வில்லுத்தகடு நல்ல உருக்கு. அதைக் காய்ச்சி அடித்து, எண்ணெயில் தோய்த்துப் பதமாக்கும் கம்மாலைக்காரரிடம் உளி வாங்கினால் இரு தொழில்கள் பிழைக்கும். 2022இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டது. அந்நாட்களில் மின் இயந்திரங்கள் உறங்கின, கைச்சீவுளி உறங்கவில்லை. இயந்திரமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். துளையிடும் மின்கருவி ஒன்று எந்தப் பட்டறைக்கும் பயன்தரும். ஆனால் அது இரண்டாவதாக வரவேண்டியது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரித்தானியாவில் பழைய கைக்கருவிகளைச் சேகரித்து, துருநீக்கிச் செப்பனிட்டு, ஆபிரிக்கக் கைவினைஞர்களுக்கு அனுப்பும் முயற்சியை 'டூல்ஸ் ஃபோர் செல்ஃப் ரிலையன்ஸ்' என்ற அமைப்பு 1970களின் இறுதியில் தொடங்கியது. இலண்டனின் பழம்பொருட் சந்தைகளில் இன்றும் ஷெஃபீல்ட் உருக்கில் செய்த உளிகளும் சீவுளிகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நமது ஊர்ச் சங்கங்கள் அவ்வழியைப் பின்பற்ற என்ன தடை? மூன்று உளி, ஒரு சீவுளி, ஒரு வாள், ஒரு மூலைமட்டம், அவற்றைத் தீட்ட ஒரு கல்லும் ஓர் அரமும்: இவ்வளவே ஒரு குடும்பத்தின் முதலீடு.

அனுப்புமுன் அந்தத் தச்சரிடமே எது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நம் உதவிகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அந்தக் கேள்விதான்.