டிக் டிக் சத்தத்துக்கு எத்தனை ரூபாய்?

லாரி இன்ஜினில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தால் நாமக்கல், சங்ககிரி பக்கத்து ஒற்றை லாரி ஓனருக்கு இரண்டு பயம் வரும். இன்ஜின் போய்விட்டதோ என்பது ஒன்று. பட்டறைக்குப் போனால் இன்ஜினை இறக்கச் சொல்லிவிடுவார்களோ என்பது இன்னொன்று. பல சமயம் இரண்டாவது பயம்தான் பெரிது. அதனால்தான் 'இன்னும் ரெண்டு ட்ரிப் ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்று சத்தத்தோடேயே வண்டி கிளம்பிவிடுகிறது.

இந்த இரண்டாவது பயத்துக்குக் காரணம் கேட்டால், "மெக்கானிக் எல்லாம் ஏமாத்துறாங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. பட்டறை பில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் இவ்வளவு, ஆயில் இவ்வளவு, கழற்றி மாட்டிய கூலி இவ்வளவு என்று இருக்கும். 'கோளாறு எங்கே என்று கண்டுபிடித்ததற்கு' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்காது. அதாவது கண்டுபிடிப்பது இலவசம், கழற்றினால்தான் காசு! இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, 'ஏன் எடுத்தவுடனே கழற்றப் பார்க்கிறார்கள்?' என்று கேட்டு என்ன பிரயோஜனம்?

கண்டுபிடிப்பது அப்படி என்ன பெரிய வேலை என்கிறீர்களா? பெரிய வேலைதான்.

முதலில் ஆயில். டிப் ஸ்டிக்கை உருவி அளவு பார்க்கவேண்டும், மீட்டரில் ஆயில் பிரஷர் பார்க்கவேண்டும். ஆயில் குறைந்தாலே மேலே வால்வு பக்கம் சத்தம் வரும். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது சத்தத்தின் கதி. ஐடிலில் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றுகிறது என்றால் கிராங்க் நொடிக்கு 10 சுற்று. கேம் ஷாஃப்ட் அதில் பாதி, நொடிக்கு 5 சுற்று. ஒரு டேப்பட் மட்டும் தட்டினால் நொடிக்கு 5 தட்டுதான் கேட்கும். கிராங்க் வேகத்திலேயே தட்டினால் அது வேறு கதை. நாசிலுக்கும் டேப்பட் கதிதான் என்பதால், சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்றும் பார்த்தாகவேண்டும். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பது இதற்காகத்தான். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரிதான் அதுவும்.

டேப்பட் என்று தெரிந்தால் கவரைக் கழற்றி ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு இன்ஜினில் இன்லெட் வால்வுக்கு 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.51 மி.மீ. இடைவெளி, அதுவும் இன்ஜின் ஆறியிருக்கும்போது. சரியாக வைத்த இடைவெளி கொஞ்ச நாளிலேயே மறுபடி கூடினால்தான் ராக்கர், புஷ் ராட், கேம் தேய்மானம் என்று உள்ளே தேடவேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பலமாகக் கேட்டு, இன்ஜின் சூடானதும் குறைகிறதா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் லீக் இருக்கலாம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி அடைபடுவதால் சத்தம் குறைகிறது. லீக் ஆகும் இடத்தில் கறுப்பாகப் புகைக்கரி படிந்திருக்கும்.

ஏர் டேங்க் நிரம்பி, கம்ப்ரஸர் காற்று ஏற்றுவதை நிறுத்தும் நேரத்தில் சத்தம் மாறுகிறதா? அப்படியானால் சந்தேகம் ஏர் கம்ப்ரஸர் மேல். இன்ஜினைத் தொடவே வேண்டியதில்லை.

பழைய பம்ப் வண்டி என்றால், ஐடிலில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி, எந்த சிலிண்டரில் சத்தம் மாறுகிறது என்று பார்ப்பது வழக்கம். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு இறங்கும் லாரிகளில் ஸ்கேனர் மூலம் சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதுதான் சரியான வழி. இன்னொன்று, காமன் ரெயில் இன்ஜெக்டர்கள் நன்றாக இருக்கும்போதே லேசாக 'டிக் டிக்' என்றுதான் சொல்லும். அது நோயே இல்லை.

கடைசியாக ஒன்று. சத்தம் மெல்லிய 'டிக்' ஆக இல்லாமல் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக வந்து, லோடு ஏற ஏறக் கூடி, ஆயில் பிரஷரும் இறங்கினால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படவேண்டும். அங்கே 'ரெண்டு ட்ரிப்' பேச்சுக்கே இடமில்லை. அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்தி, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் வரவேண்டும். பேரிங்கோடு போகவேண்டிய செலவு கிராங்க் வரைக்கும் போய்விடும்.

ஆக, ஒரே 'டிக்'குக்குப் பின்னால் ஒரு லிட்டர் ஆயிலும் இருக்கலாம், ஒரு கேஸ்கெட்டும் இருக்கலாம், முழு இன்ஜின் வேலையும் இருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்பவரின் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் நாம் காசு கொடுப்பதில்லை.

ஒரு கணக்கு. லாரிக்கு மாதத் தவணை 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடினாலும் நின்றாலும் ஒரு நாளைக்கு 1,500 ரூபாய். தேவையில்லாமல் இன்ஜினை இறக்கி, வண்டி 10 நாள் பட்டறையில் நின்றால் தவணையில் மட்டும் 15,000 வீண். போன வாடகை, டிரைவர் சம்பளம், கழற்றியதற்காகவே மாற்றவேண்டிய கேஸ்கெட்டுகள் எல்லாம் தனி. இதைத் தவிர்க்க, கேட்டுப் பார்த்துச் சொல்வதற்கு 1,000 ரூபாய் கொடுத்தால் நஷ்டமா?

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பாடமே உண்டு. 1973ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் எழுதிய கட்டுரை. வாங்கிய பிறகும் 'இது உண்மையிலேயே தேவைப்பட்டதா?' என்று வாங்கியவருக்குத் தெரியாத சேவைகளைப் பற்றியது. ரிப்பேர் அந்த ரகம். கோளாறைச் சொல்பவரும் சரி செய்பவரும் ஒரே ஆள் என்பதுதான் அங்கே சிக்கல்.

அதற்குத் தீர்வு பில்லில் அந்த ஒரு வரியைச் சேர்ப்பது. கண்டுபிடிக்க இவ்வளவு, சரி செய்ய இவ்வளவு என்று தனித்தனியாக. 'எங்ககிட்டயே வேலை குடுத்தா பாத்த காசு வேண்டாம்' என்ற சலுகையும் கூடாது. அதை அனுமதித்தால் மறுபடியும் கழற்றினால்தான் லாபம் என்ற பழைய இடத்துக்கே வந்துவிடும். காசு வாங்கியவர் என்ன பார்த்தார், எந்த சிலிண்டர், சூட்டிலா குளிரிலா என்று ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். அந்தத் தாளோடு ஓனர் இன்னொரு பட்டறைக்கும் போய்க் கேட்கலாம்.

"அஞ்சு நிமிஷம் காது வச்சதுக்கு ஆயிரமா?" என்று கேட்பார்கள். டாக்டரிடம் போய் 'ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்' என்று கேட்டுவிட்டு ஃபீஸ் கொடுக்காமலா வருகிறோம்? ஸ்கேனர் மாட்டினால் கேட்ட காசைக் கொடுக்கிற அதே ஓனர்தான் காதுக்குக் கொடுக்க யோசிக்கிறார். ஆனால் டேப்பட் இடைவெளிக்கும் கேஸ்கெட் லீக்குக்கும் ஸ்கேனரில் பெரும்பாலும் கோடு வராது. அதற்கு இருபது வருஷம் பட்டறையில் நின்ற காதுதான் வேண்டும்.

ஃபீஸ் வாங்கிக்கொண்டும் பொய் சொல்பவர் இருப்பார், மறுக்கமுடியாது. ஆனால் இன்றைய நிலைமையில் உண்மை சொல்பவருக்குத்தான் தண்டனை. 'ஒண்ணுமில்லண்ணே, டேப்பட்தான், எடுத்துட்டுப் போங்க' என்று சொல்லும் மெக்கானிக் அன்றைக்கு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார். முதலில் அவருக்குக் கூலி கொடுப்போம். நேர்மையைப் பற்றி அப்புறம் பேசலாம்.