சேர்மானம்

அல்வாலில் எங்கள் தெரு முனையில் ஒரு கர்ரி பாயின்ட். மாலையானால் கூட்டம் நெரியும். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கவரை விரலால் லேசாகத் தேய்க்கிறார். வாய் திறக்கிறது. கொதிக்கும் சாம்பார் உள்ளே இறங்குகிறது. மேலே ஒரு ரப்பர் பேண்ட். பத்தே விநாடி.

கவர் இத்தனை சுலபமாகத் திறக்கக் காரணம் உண்டு. வெறும் பாலிஎதிலீன் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க எரூக்கமைடு போன்ற வழுவழுப்புப் பொருளைத் துளியளவு கலக்கிறார்கள். அது உள்ளே அடங்கிக் கிடக்காது. மெல்ல மேற்பரப்புக்கு வந்து படரும். அதன் வேலையே அதுதான். வெயில் தாங்க ஒன்று, நிறத்துக்கு ஒன்று என்று இப்படிப் பல. 'அடிட்டிவ்' என்ற சொல் வந்தால் நான் 'சேர்மானம்' என்று மொழிபெயர்ப்பேன். மருந்துக்குப் பழகிய சொல். ஆனால் மருந்தின் சேர்மானத்தை வைத்தியரிடம் கேட்கலாம்; கவரின் சேர்மானத்தை யாரிடம் கேட்பது?

சேர்மானம் எல்லாமே நஞ்சு அல்ல. பால் பாக்கெட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு, வெளிச்சத்தைத் தடுத்துப் பாலின் வைட்டமினைக் காக்கிறது. கறுப்புக் கவரின் கதை வேறு. பல நிறப் பழைய பிளாஸ்டிக்கை உருக்கினால் வரும் அழுக்கு நிறத்தைப் புகைக்கரி மறைத்துவிடும். அந்தப் பிளாஸ்டிக் முற்பிறவியில் எதைச் சுமந்ததோ, யாருக்கும் தெரியாது.

மறுசுழற்சிப் பையில் உணவு கூடாது என்று 1999லேயே மத்திய அரசு விதி செய்தது. பொட்டலத்திலிருந்து உணவுக்குள் இறங்குவது கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, சாயம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கவே கூடாது என்கின்றன உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகள். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் இறங்கும் வேகம் கூடும். தாளித்த சாம்பாரில் இரண்டுமே உண்டு.

நாமோ தடிமனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கைப்பைகளுக்கு 1999ல் 20 மைக்ரான். 2022 இறுதியில் அது 120 ஆயிற்று. தடித்த பையைப் பொறுக்குவது சுலபம், நல்லதுதான். ஆனால் உள்ளே கலந்தது என்ன என்பதைத் தடிமன் சொல்லாது.

கடைக்காரரைக் கேட்டேன். மொத்தக் கடையில் கிலோ கணக்கில் வாங்குகிறாராம்; கட்டில் தயாரித்தவர் பெயர்கூட இல்லை. அவர்மேல் குற்றமில்லை. கட்டின் மேல் தயாரிப்பாளர் பெயரும், உணவுக்கு உகந்ததா என்ற ஒரு வரியும் இருக்கவேண்டும். அதைப் பார்க்கவேண்டியது அதிகாரிகளின் பொறுப்பு.

அதுவரை நான் எவர்சில்வர் தூக்கோடு போகிறேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுகிறார்.