247-ஆம் பிரிவும் ஆறு சொற்களும்

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் 536 பிரிவுகள். சட்டத்தை எளிமையாக்கிவிட்டோம் என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் 247-ஆம் பிரிவில் உள்ள ஒரு வரியை எளிதில் விழுங்க முடியவில்லை. சோதனைக்கு வரும் அதிகாரி, பாஸ்வேர்டு கிடைக்காவிட்டால் அதை மீறிக்கொண்டு உங்கள் கணினிக்குள் நுழையலாம். கணினி மட்டுமல்ல, மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, ஆன்லைன் வங்கிக் கணக்கு, பங்கு வர்த்தகம், கிளவுட் சேமிப்பு எல்லாவற்றையும் ‘மெய்நிகர் டிஜிட்டல் வெளி’ என்ற ஒரே கோணியில் கட்டிவிட்டார்கள்.

இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கிறது அரசுத் தரப்பு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 132-ஆம் பிரிவே கதவு, பெட்டி, லாக்கர், பீரோ ஆகியவற்றின் பூட்டை உடைக்க அனுமதித்ததே என்கிறது. கைப்பேசிகளில் இருந்த மறையாக்கப்பட்ட செய்திகள் வழியாக 250 கோடி ரூபாய் கறுப்புப் பணம் பிடிபட்டது என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். நல்லது. அது பிடிபட்டது பழைய சட்டத்தின் கீழ்தானே? அப்படியிருக்க, இந்தப் புதிய வரி எதற்கு?

பீரோ உதாரணமும் நிற்காது. பீரோ பூட்டு சுத்தியலுக்குப் பணியும். ஒழுங்காக மறையாக்கம் செய்த கோப்பு எந்தச் சுத்தியலுக்கும் பணியாது. இதைச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். கணக்கைப் பார்ப்போம்.

ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் என்ற அமெரிக்கர் 1995-ல் ‘டைஸ்வேர்’ என்று ஒரு முறையை முன்வைத்தார். அதற்கு வேண்டியது பகடையும் ஒரு சொற்பட்டியலும்தான். ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டினால் 11111 முதல் 66666 வரை ஏதோ ஓர் எண் வரும். இப்படி வரக்கூடிய எண்கள் மொத்தம் 7,776. பட்டியலிலும் 7,776 சொற்கள். வந்த எண்ணுக்கு நேராக உள்ள சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு சொல் சேர்ந்தால் அதுதான் உங்கள் சாவி. ‘முறம் நாவல் படகு கூலி எருமை சன்னல்’ என்பது போல ஒன்று வரும். (இது அச்சேறிவிட்டது, யாரும் பயன்படுத்திவிடாதீர்கள்.) மொத்த வாய்ப்புகள் 221 கோடி கோடி கோடி. கோப்பைப் பிரதி எடுத்து, விநாடிக்கு ஒரு லட்சம் கோடி முறை ஊகிக்கும் இயந்திரத்தில் போட்டாலும் எல்லாவற்றையும் தீர்க்க ஏறத்தாழ 7,000 ஆண்டு ஆகும். ஆறு இலக்கப் பின் எண்ணிலோ வாய்ப்புகள் வெறும் பத்து லட்சம். அதே இயந்திரத்துக்கு அது ஒரு விநாடி வேலைகூட இல்லை.

பகடைகூட வேண்டாம், பாட்டி வீட்டுத் தாயக்கட்டையே போதும். இரண்டு கட்டை, கட்டைக்கு நான்கு முகம். இரண்டில் ஒன்றுக்கு மை தடவி அடையாளம் வைத்து, மூன்று முறை உருட்டினால் 4,096 சேர்க்கைகள் கிடைக்கும். பட்டியலைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, ஆறு சொல்லுக்குப் பதில் ஏழு சொல் எடுத்தால் குறை தீர்ந்தது. மறந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அந்தப் பீரோவைத்தான் சட்டப்படி உடைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது 247-க்கு வருவோம். பல கோடியைப் பதுக்கியவன் இந்த ஆறு சொற்களைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை நேரம் போதும். அவனிடம் அதிகாரி எதை மீறுவார்? மீறப்படப்போவது பிறந்த தேதியையே பின் எண்ணாக வைத்திருக்கும் ஜவுளிக்கடைக்காரரின் கைப்பேசிதான். அதில் வரவு செலவோடு மகளின் மருத்துவச் சீட்டும், மனைவியோடு போட்ட சண்டையும் இருக்கும். ஏன் சோதனை என்று அவர் காரணமும் கேட்க முடியாது. காரணத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குக்கூடச் சொல்லத் தேவையில்லை என்று 2017-லேயே திருத்தம் செய்துவிட்டார்கள். ‘மறைக்க ஒன்றுமில்லை என்றால் பயம் எதற்கு’ என்று கேட்பவர்கள் முதலில் தங்கள் கைப்பேசியின் பூட்டை எடுத்துவிட்டு வரட்டும், பிறகு பேசலாம்.

சாவி யாருடையது என்பதில் அரசுக்கே தெளிவு கிடையாது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, டிஜிட்டல் கையெழுத்துக்கான அந்தரங்கச் சாவியை உன் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொள், வெளியே போகவிடாதே என்கிறது. அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு, உரிய உத்தரவு வந்தால் மறையாக்கத்தை அவிழ்க்க உதவு, மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. 2015 செப்டம்பரில் வந்த மறையாக்கக் கொள்கை வரைவு இன்னும் ஒரு படி மேலே போனது. மறையாக்கி அனுப்பிய செய்தியின் வெளிப்படையான பிரதியைக் குடிமக்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டுமாம்! ஊரே சிரித்தது. சில நாளில் திரும்பப் பெற்றார்கள். நீதிமன்றங்களிடையேயும் ஒரே குரல் இல்லை. பாஸ்வேர்டைத் தருவது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்றது 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது 2022-ல் டெல்லி சிறப்பு சிபிஐ நீதிமன்றம். தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியல் சாசனத்தின் 20(3) இரண்டுக்கும் நடுவே தவிக்கிறது.

நம் மீதும் குற்றம் உண்டு. எத்தனை சிறு நிறுவன முதலாளிகளின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் ஆடிட்டர் அலுவலக மேஜை இழுப்பறையில், பின் எண்ணை எழுதி ஒட்டிய நிலையில் கிடக்கின்றன! எதில் கையெழுத்தானது என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் சாவி கைமாறிவிட்டது என்று சான்று வழங்கிய நிறுவனத்துக்குத் தெரிவிக்கும்வரை பொறுப்பு அவர்கள் தலையில்தான். சாவியை இப்படிக் கைமறதியாக விட்டுவைக்கும் சமூகத்திடம்தான் 247 போன்ற பிரிவை எதிர்ப்பில்லாமல் நிறைவேற்ற முடியும்.

இந்தப் பிரிவு ஒரு பெரிய வரி ஏய்ப்பாளரைக்கூடப் பிடிக்கப்போவதில்லை. பாஸ்வேர்டை மீறலாம் என்ற அந்த வரியை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். குறைந்தபட்சம், நீதிபதியின் முன் அனுமதியில்லாமல் யாருடைய டிஜிட்டல் கணக்கையும் திறக்கக் கூடாது என்றாவது திருத்த வேண்டும். அதைச் செய்கிறார்களோ இல்லையோ, ஆடிட்டரிடம் இருக்கும் டோக்கனை நாளைக் காலையே போய் வாங்கி வாருங்கள். பின் எண்ணையும் மாற்றிவிடுங்கள்.