கடைசி ஆளுக்கும் தண்ணீர் உண்டா?

சென்னை, கோவையோடு நின்றிருந்த மாரத்தான் மோகம் இன்று தாலுகா ஊர்களுக்கும் வந்துவிட்டது. அரிமா சங்கம், கல்லூரி, மருத்துவமனை என்று ஆளாளுக்கு ஒரு விழிப்புணர்வு ஓட்டம் நடத்துகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால், 5 கி.மீ. ஓட்டம் நடத்திய கையோடு அடுத்த ஆண்டே அரை மாரத்தானுக்கு பேனர் வைத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அரை மாரத்தான் என்பது 21.0975 கி.மீ. முதல் பரிசுக்காரர் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடுவார். கடைசியில் வருபவருக்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். 5.30 மணிக்குக் கொடியசைத்தால், முன்னவர் வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறார். பின்னவர் எட்டரை மணி வெயிலிலும் ஓடிக்கொண்டிருக்கிறார். ஏற்பாடுகளோ பெரும்பாலும் முன்னவரின் கணக்குக்கே செய்யப்படுகின்றன.

ஏழே முக்கால் மணிக்கு 17ஆவது கிலோமீட்டரில் உள்ள தண்ணீர் மேசையைப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். கேன் காலியாகக் கிடக்கும். தண்ணீர் ஊற்றிய மாணவர்கள் பரிசளிப்பு விழாவுக்குப் போயிருப்பார்கள். சாலையும் திறந்துவிடப்பட்டிருக்கும். நாற்பது வயதில் ஓடத் தொடங்கிய ஆசிரியை ஒருவர் டவுன் பஸ்ஸுக்கு வழிவிட்டு மண் ஓரத்தில் இறங்கி ஓடுவார்.

வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். வியர்வை வழியும், எளிதில் ஆவியாகாது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. அப்போது முதலில் உடலைக் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறது விளையாட்டு மருத்துவம். ஆம்புலன்ஸ் மட்டும் நின்றால் போதாது. ஆளை அமிழ்த்தும் அளவுக்குத் தொட்டியும் தண்ணீரும் ஐஸும் வேண்டும், உடனிருக்க மருத்துவரும் வேண்டும். மீன் சந்தை உள்ள ஊரில் ஐஸுக்கா பஞ்சம்?

'நன்கொடை இவ்வளவுதான் சேர்ந்தது' என்பார்கள். டி-ஷர்ட்டுக்கும் மெடலுக்கும் மேடைக்கும் மட்டும் அது எப்படிப் போதுகிறது? சிக்கனத்துக்கும் வழி இருக்கிறது. பத்தரை கிலோமீட்டர் போய் அதே சாலையில் திரும்பும்படி பாதை போட்டால், ஒரே தண்ணீர் மேசை இரண்டு முறை உதவும். ஆட்களும் பாதியாகக் குறைவார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளை அனுப்பி, அது கடந்த பிறகே மேசையை எடுப்பது, சாலையைத் திறப்பது என்று விதி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஓட்டத்தின் தரத்தை வென்றவரின் நேரம் காட்டாது. கடைசியில் வந்தவர் என்ன நிலையில் வந்தார் என்பதே காட்டும். இந்த ஏற்பாடுகளைச் செய்ய முடியாத ஊர்கள் 10 கி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.