ஊருக்குப் போறீங்களா? நீச்சல் குளத்துக்கு லீவு விடாதீங்க!

பரீட்சை முடிந்தாச்சு. பாட்டி வீடு, குலதெய்வம் கோயில், ஊட்டி, கொடைக்கானல் என்று அபார்ட்மென்ட்டில் பாதி வீடுகள் பூட்டியாச்சு. கேஸை மூடினோமா, பாலை நிறுத்தினோமா என்று பத்து தடவை பார்க்கிறோம். கீழே இருக்கும் நீச்சல் குளத்தை மட்டும் மறந்துவிடுகிறோம்.

'குளிக்க ஆளே இல்லை, மோட்டார் எதுக்கு? கரண்ட் பில்லாவது மிச்சமாகும்' என்று அசோசியேஷனில் முடிவெடுக்கிறார்கள். வாட்ச்மேனிடம், 'அப்பப்போ கொஞ்சம் பவுடர் போடுப்பா' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இது சிக்கனமே இல்லை. காசு மிச்சம் பிடித்து வியாதியை வாங்கும் வேலை!

குளத்துத் தண்ணீரைக் காப்பாற்றுபவை இரண்டு: ஓட்டமும் குளோரினும். மோட்டார் நின்றால் வடிகட்டுவதும் நிற்கும். போட்ட மருந்தும் எல்லா மூலைக்கும் போய்ச் சேராது. குளோரினுக்கு வெயில் ஆகாது. வெயிலைத் தாங்க வைக்கும் சயனூரிக் அமிலம் சேர்க்காவிட்டால், சித்திரை வெயிலில் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். அப்புறம், வாரம் ஒரு கைப்பிடி பவுடர் எந்த மூலைக்கு?

சில நாளில் தண்ணீர் பச்சையாகும். நம்ம ஊர் வெப்பத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். உங்கள் லீவும் ஏறக்குறைய அவ்வளவுதானே! கடி வாங்குவது ஊருக்குப் போகாத பெரியவர்களும் பக்கத்துத் தெருக் குழந்தைகளும்தான்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. 'மூளையைத் தின்னும் அமீபா' என்கிறார்களே, நெக்லேரியா ஃபவுலேரி, அது வெதுவெதுப்பான நன்னீரில் வளரும். குடித்தால் வராது, மூக்கு வழியாக ஏறினால்தான் மூளைக்குப் போகும். அபூர்வமான நோய்தான். ஆனால் வந்தவர்களில் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. 2024-ல் கேரளத்தில் குழந்தைகள் சிலரை இது பலி வாங்கியது. சரியான அளவு குளோரின் இருக்கும் தண்ணீரில் இதன் ஜம்பம் சாயாது. குளித்த சில நாளில் கடுமையான தலைவலி, காய்ச்சல், வாந்தி வந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். 'குளத்தில் குளித்தான்' என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, என்னதான் செய்யலாம்?

அசோசியேஷன் கூட்டத்தில் பேசி, பயிற்சி உள்ள ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்து, அதற்குரிய சம்பளமும் கொடுங்கள். குளத்துத் தண்ணீர் முழுதும் தினம் ஒரு முறையாவது வடிகட்டியில் சுற்றி வர வேண்டும். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருக்கிறதா என்று சோதனைப் பெட்டியில் பார்த்து நோட்டில் எழுதி வைக்கட்டும். பி.எச். 8-ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் அதன் வீரியம் வெகுவாகக் குறைந்துவிடும்.

விவரம் தெரியாத வாட்ச்மேன் தலையில் இதைக் கட்டுவது பாவம்ங்க. குளோரினும் ஆசிடும் கலந்தால் விஷவாயு கிளம்பும். இரண்டு வகைக் குளோரின் பவுடரைக் கலந்தால் தீப்பிடிக்கவும் கூடும். மருந்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும். மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது.

தார்ப்பாய் போட்டு மூடினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அதன் மேல் மழைத்தண்ணீர் தேங்கினால் அங்கேயும் கொசுதான். குழந்தை கால் வைத்தால் தார்ப்பாயோடு உள்ளே போய்விடும். கேட்டைப் பூட்டுவதுதான் பாதுகாப்பு.

ஊரிலிருந்து திரும்பியதும் பிள்ளைகள் 'தொபுக்கடீர்' என்று குதிக்கத் துடிப்பார்கள். ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அடித்தளத்து வடிகால் மூடி மேலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும். நோட்டில் அளவும் சரியாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் இறங்க வேண்டாம்.

மோட்டார் ஓடுகிற செலவை எல்லா வீட்டுக்கும் பங்கு போட்டால் தலைக்கு எவ்வளவு வந்துவிடும்? அடுத்த கூட்டத்தில் நீங்களே எழுந்து கேளுங்கள்.